பின்னிஸ் பள்ளத்தாக்கின் பசுக்கள்: மேய்ச்சல் நிலத்தில் நடப்பவரின் பொறுப்பு எவ்வளவு?

2014 ஜூலை 28. ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில், ஸ்டூபாய் பள்ளத்தாக்கிலிருந்து பிரிந்து போகும் பின்னிஸ் என்ற சிறிய பள்ளத்தாக்கு. ஜெர்மனியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த 45 வயதுப் பெண் ஒருவர் தன் நாயோடு மலைச்சாலையில் நடந்துகொண்டிருந்தார். பக்கத்திலேயே மலையேறுவோர் சாப்பிட்டு இளைப்பாறும் விடுதி. சாலையோரம் வேலி இல்லை. கன்றுகளோடு ஒரு பசுமந்தை மேய்ந்துகொண்டிருந்தது. திடீரென்று பசுக்கள் அவரை நோக்கிப் பாய்ந்தன. முட்டி, மிதித்ததில் அந்த இடத்திலேயே அவர் இறந்துபோனார்.

அவர் பாறை ஏறவில்லை, பனியாற்றைக் கடக்கவில்லை. குழந்தைகளும் முதியவர்களும் நடக்கிற, பிள்ளை வண்டியைக்கூடத் தள்ளிக்கொண்டு போகக்கூடிய பாதை அது. அதனால்தான் இந்த மரணம் ஆஸ்திரியாவை அப்படி உலுக்கியது. மூன்று நீதிமன்றங்கள், ஒரு சட்டத் திருத்தம், நாடு முழுவதற்குமான நடத்தை விதிகள் என்று ஆறு ஆண்டுகள் இது நீண்டது. வழிகாட்டியோடு மலை நடைப்பயணம் போகிறவர்களும், அப்படிக் கூட்டிப் போகிறவர்களும் படிக்க வேண்டிய வழக்கு இது என்று நினைக்கிறேன். மேய்ச்சல் நிலத்தில் ஒருவருக்கு ஆபத்து வந்தால் அதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற கேள்வியை இவ்வளவு விரிவாக அலசிய வேறொரு வழக்கை நான் பார்த்ததில்லை.

முதலில் அந்த நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆல்ப்ஸ் மலையில் கோடைக்கு மட்டும் கால்நடைகளை ஓட்டிப்போகும் உயரமான மேய்ச்சல் நிலத்தை அங்கே 'ஆல்ம்' என்கிறார்கள். ஆஸ்திரியாவில் மட்டும் சுமார் 8,000 ஆல்ம்கள் இருக்கின்றன. ஜூன் வாக்கில் மேலே போகும் மாடுகள் செப்டம்பரில் இறங்கி வரும். அந்தக் கோடை விபத்தில்லாமல் கழிந்திருந்தால் மாடுகளுக்குப் பூ அலங்காரம் செய்து, பெரிய மணி கட்டி ஊருக்குள் அழைத்து வருவார்கள். ஏதாவது துர்மரணம் நடந்திருந்தால் அலங்காரம் கிடையாது. இப்படிப் பருவத்துக்குப் பருவம் மந்தையோடு இடம்பெயரும் மேய்ச்சல் முறையை யுனெஸ்கோ 2019-இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. முதலில் ஆஸ்திரியா, இத்தாலி, கிரீஸ் ஆகிய மூன்று நாடுகளின் பெயரில் இருந்த அந்தப் பதிவு 2023-இல் பத்து நாடுகளுக்கு விரிந்தது.

நடக்க வருகிறவர் கண்ணுக்கு அது இயற்கையாகவே அமைந்த பச்சைப் புல்வெளியாகத் தெரியும். உண்மையில் மாடு மேய்ந்து மேய்ந்து உருவான வெளி அது. மேய்ச்சல் நின்றால் சில ஆண்டுகளிலேயே புதர் ஏறிவிடும், பின்னால் காடு வரும். மேயாமல் விட்ட நீளப் புல் குளிர்காலத்தில் சரிவில் படிந்துவிடும். அதன்மேல் விழும் பனி எளிதில் வழுக்கிச் சரியும். ஆக, சுற்றுலாப் பயணி ரசிக்கிற காட்சியே மாட்டுக்காரரின் உழைப்பில் நிற்கிறது. அவருக்கோ அது காட்சி இல்லை, தொழில் செய்யும் இடம். இந்த இரண்டு பேரும் ஒரே பாதையில் சந்திக்கிறார்கள். சிக்கல் அங்கே ஆரம்பிக்கிறது.

இன்னொரு மாற்றமும் சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. பால் கறக்கும் மாடுகள் ஆளோடு பழகியவை. தினம் இரண்டு வேளை மனிதக் கை படும், கன்றும் பெரும்பாலும் பிரிக்கப்பட்டிருக்கும். இப்போது பல ஆல்ம்களில் கறவை மாட்டுக்குப் பதிலாக, இறைச்சிக்காகக் கன்றைத் தாயோடே விட்டு வளர்க்கும் முறை வந்துவிட்டது. ஆள் குறைவாகத் தேவைப்படும், கன்றுக்கும் நல்லது. ஆனால் அந்தப் பசு கோடை முழுவதும் கன்றைக் காத்துக்கொண்டே மேய்கிறது. அதன் கண்ணில் நாய் என்றால் ஓநாய்தான். வீட்டு நாய் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் பசுவுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பின்னிஸ் பள்ளத்தாக்கில் மேய்ந்தது இந்த மாதிரி மந்தை.

வழக்கின் மையமே நாயைக் கட்டியிருந்த வார்தான். அந்தப் பெண் வாரைக் கையில் பிடித்திருக்கவில்லை. இடுப்பைச் சுற்றிக் கட்டி, மலையேறுவோர் பயன்படுத்தும் உலோகக் கொக்கியால் மாட்டியிருந்தார். கை இரண்டும் ஓய்வாக இருக்கும் என்று நாயோடு நடப்பவர்கள் பலரும் இன்றைக்கும் இப்படித்தான் கட்டுகிறார்கள். சாதாரண நேரத்தில் அது வசதி. பசு பாயும்போது நிலைமையே வேறு. பசுவின் குறி நாய். நாயை விட்டுவிட்டால் அது ஓடித் தப்பிக்கும், பசுவும் அதைத் துரத்திப் போகும், மனிதர் பிழைப்பார். நாய் இடுப்பில் கட்டியிருந்தால் மனிதரும் குறிக்குள் வந்துவிடுகிறார். அரை டன் எடையுள்ள விலங்கு ஓடி வரும் சில வினாடிகளில் கொக்கியை அவிழ்த்து வாரைக் கழற்ற யாராலும் முடியாது.

விவசாயியின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அவர் சும்மா இருக்கவில்லை. மேய்ச்சல் மாடுகள் இருக்கின்றன, கட்டாயம் விலகி நடக்கவும், நாயோடு வருவது அவரவர் பொறுப்பு என்ற பொருளில் எச்சரிக்கைப் பலகை வைத்திருந்தார். காலம்காலமாக அங்கே மேய்ச்சல் நிலத்துக்குள் பாதை போகும் இடமெல்லாம் இதுதான் வழக்கம். சாலையோரம் முழுக்க வேலி போடுவது என்று ஒன்றை யாரும் யோசித்ததுகூட இல்லை.

இறந்தவரின் கணவரும் மகனும் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடர்ந்தார்கள். ஆஸ்திரியப் பொதுச் சிவில் சட்டத்தின் 1320-ஆம் பிரிவுப்படி, விலங்கு ஒருவருக்குத் தீங்கு செய்தால், அதைத் தகுந்த முறையில் காத்து வைத்திருந்தேன் என்று நிரூபிக்க வேண்டியவர் வளர்ப்பவர்தான். இன்ஸ்ப்ரூக் மாநில நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்னது: முழுப் பொறுப்பும் விவசாயியுடையது. கணவருக்கும் மகனுக்கும் மாதாமாதம் தர வேண்டிய தொகையையும் சேர்த்து இழப்பீடு சுமார் 4,90,000 யூரோ வரும் என்று செய்திகள் வெளிவந்தன. ஒரு மலை விவசாயி தன் பண்ணையையே விற்றாலும் சமாளிப்பது சந்தேகம்தான்.

அந்தத் தீர்ப்பின் அதிர்ச்சி உடனே மலையெங்கும் பரவியது. இனி யாரையும் நிலத்துக்குள் விட மாட்டோம், பாதையை மூடுகிறோம், நாய்க்கு அனுமதி இல்லை என்று பலகை வைக்கிறோம் என்று விவசாயிகள் பேச ஆரம்பித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வேலி போட்டால்தான் தப்பிக்கலாம் என்றால் 8,000 ஆல்ம்களிலும் எத்தனை கிலோமீட்டருக்கு வேலி போடுவது? போட்டால் அப்புறம் அது ஆல்மாக இருக்குமா?

நான் கவனித்துப் படிக்கச் சொல்வது அதற்கு அடுத்த கட்டத்தை. 2019 ஆகஸ்டில் இன்ஸ்ப்ரூக் மேல்முறையீட்டு நீதிமன்றம் பொறுப்பைப் பாதிப் பாதியாகப் பிரித்தது. 2020-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இரண்டு பக்கமும் சொல்லப்பட்ட காரணங்கள் அறிவு என்ற ஒரே புள்ளியில் வந்து சேர்கின்றன. தன் பசுக்களில் சில ஏற்கெனவே நாய்களைப் பார்த்து மூர்க்கமானது விவசாயிக்குத் தெரியும். விடுதி இருக்கும் அந்த இடத்தில் கூட்டம் அதிகம் என்பதும் தெரியும். மலை முழுவதும் வேலி போடத் தேவையில்லை, ஆனால் ஆபத்து குவியும் அந்த ஒரு சிறு பகுதிக்கு மட்டும் வேலி போட்டிருக்கலாம், அது அவருக்குப் பெரிய சுமையாகவும் இருந்திருக்காது, அந்த இடத்துக்குப் பலகை மட்டும் போதாது என்றது நீதிமன்றம். அந்தப் பெண்ணின் பக்கம் வந்தால், எச்சரிக்கைப் பலகை இருந்தது, கன்றோடு நிற்கும் பசுவுக்கும் நாய்க்கும் ஆகாது என்பது நாய் வளர்ப்பவர் தெரிந்திருக்க வேண்டிய விஷயம், அப்படியிருந்தும் மந்தைக்கு நெருக்கமாக நடந்தார், உடனே விட முடியாதபடி நாயை உடம்போடு கட்டியிருந்தார். அதனால் மறுபாதி.

இந்த இரண்டாவது தீர்ப்புதான் சரி என்பது என் கருத்து. முதல் தீர்ப்பு நடப்பவரை ஒன்றும் தெரியாத குழந்தையாக வைத்தது. அதற்கு நேரெதிராக, மலைக்கு வந்தால் எல்லாம் உன் தலையில்தான் என்று சொல்லியிருந்தால், தெரிந்த ஆபத்தைத் தெரிந்தே விட்டுவைத்தவரை அது தப்பவிட்டிருக்கும். யாருக்கு எது தெரிந்திருந்தது, அதை வைத்து அவரால் என்ன செய்திருக்க முடியும் என்று நீதிமன்றம் இரண்டு பக்கமும் ஒரே கேள்வியைக் கேட்டது. ஒரு உயிர் போன இடத்தில் சமமாகக் கேட்பது எளிதில்லை.

இதற்கிடையில் 2019 கோடையிலேயே சட்டத்தையும் திருத்திவிட்டார்கள். 1320-ஆம் பிரிவில் சேர்ந்த புதிய பத்தி, மேய்ச்சல் தொழிலில் ஏற்றுக்கொள்ளப்பட்ட பராமரிப்பு முறைகளை விவசாயி ஆதாரமாகக் காட்டலாம் என்கிறது. கூடவே, ஆல்முக்கு வருகிறவரிடம் எதிர்பார்க்கக்கூடிய சுயபொறுப்பையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அந்தச் சுயபொறுப்பை எதை வைத்து அளப்பது? அங்குள்ள ஆபத்துகள், நடைமுறை வழக்கம், நடத்தை விதிகள் ஆகியவற்றை வைத்து. அரசு வெளியிட்ட பத்து நடத்தை விதிகள் இப்படித்தான் வழக்குமன்றத்திலும் எடைபோடப்படும் விஷயமாகிவிட்டன.

பத்தையும் இங்கே ஒப்பிக்கப் போவதில்லை. எட்டிப்போ, தீனி கொடுக்காதே, பாதையை விட்டு இறங்காதே, படலைத் திறந்தால் மூடு என்பதெல்லாம் யாருக்கும் புரியும். நாய் பற்றிய விதிதான் முக்கியம், இரண்டு பாதிகள் கொண்டது. நாயை வாரில், குட்டையாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பசு தாக்க வருவது தெரிந்தால் அந்தக் கணமே அவிழ்த்துவிட வேண்டும். முதல் பாதியை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். இரண்டாம் பாதியைப் பாசம் தடுக்கிறது. நாயை இழுத்து அணைத்துக்கொள்ளத்தான் கை போகும். மேலே போவதற்கு முன்பே, 'பசு வந்தால் விட்டுவிடுவேன்' என்று மனதில் முடிவெடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே போய் யோசிக்க நேரம் இருக்காது.

வேறொரு விதி, மந்தை அமைதி இழக்கும் முதல் அறிகுறியிலேயே அந்த இடத்தை விட்டு விலகச் சொல்கிறது. அந்த அறிகுறிகள் என்ன? மேய்வதை நிறுத்திவிட்டு எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பும். ஒரு பசு தலையைத் தாழ்த்தி, மூச்சை உரக்க விட்டு, முன்னங்காலால் மண்ணைக் கிளறும். கன்றுகள் தாயை ஒட்டி ஒதுங்கும். இவ்வளவும் தாக்குதலுக்கு முன்பே நடந்துவிடும். இதைப் பார்க்கத் தெரிந்தவர் முதுகைக் காட்டி ஓடாமல், மாட்டின் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டு மெல்லப் பின்வாங்கி, பெரிய வட்டமடித்துச் சுற்றிப் போவார்.

சரி, இதே நடை ஒரு வழிகாட்டியோடு நடந்திருந்தால்? பின்னிஸ் வழக்கில் வழிகாட்டி யாரும் இல்லை. இருந்திருந்தால் அந்தப் பெண்ணின் பாதிப் பொறுப்பு அவரிடமே தங்கியிருக்குமா? இதற்கு இன்னொரு பழைய நிகழ்வு கொஞ்சம் வெளிச்சம் தருகிறது. அது தண்ணீர் பற்றியது.

1999 ஜூலை 27 அன்று சுவிட்சர்லாந்தின் இன்டர்லாகன் அருகே சாக்ஸெட்டன் ஓடையின் குறுகிய பள்ளத்தில் சாகசப் பயணக் குழு ஒன்று இறங்கியிருந்தது. பாறையில் சறுக்கி, குதித்து, நீந்தி ஓடையோடே கீழே வரும் விளையாட்டு. மேலே இடியோடு பெருமழை. ஓடையில் திடீர் வெள்ளம் வந்து 21 பேரைக் கொன்றது. 18 பேர் விருந்தினர்கள், பெரும்பாலும் ஆஸ்திரேலியா போன்ற தூர நாடுகளிலிருந்து வந்த இளைஞர்கள். மூன்று பேர் வழிகாட்டிகள். 2001 டிசம்பரில் வந்த தீர்ப்பில் நிறுவனத்தின் பொறுப்பாளர்கள் உள்பட ஆறு பேர் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டார்கள். வழிகாட்டிகள் இருவர் விடுவிக்கப்பட்டார்கள்.

சாக்ஸெட்டனில் விருந்தினர் மேல் பொறுப்பு சுமத்தப்படவில்லை. எப்படிச் சுமத்த முடியும்? அந்த ஓடையை அவர்கள் முன்பின் பார்த்ததில்லை. மேலே எவ்வளவு பரப்பிலிருந்து மழைநீர் இந்தக் குறுகிய வாய்க்குள் வந்து சேரும் என்பது தெரியாது. பாறைச் சுவர்களுக்கு நடுவே நிற்பவருக்கு மேகம்கூடச் சரியாகத் தெரியாது. தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்று நம்பித்தான் இறங்கினார்கள். வழிகாட்டியை நம்பிப் போகும்போது பொறுப்பும் அந்த நம்பிக்கையோடு சேர்ந்து நகர்கிறது. அபாயகரமான விளையாட்டுகளை நடத்துவோருக்கு உரிமம் கட்டாயம் என்ற சட்டத்தை சுவிட்சர்லாந்து 2010-இல் நிறைவேற்றியது, 2014-இல் அமலுக்கு வந்தது. டிரோலிலும் மலை நடை வழிகாட்டி, பள்ளத்தாக்கு ஓடைகளில் இறக்கிக் கூட்டிப்போகும் வழிகாட்டி என்று தனித்தனித் தகுதிகள் சட்டத்தில் உண்டு. புல்வெளியில் அழைத்துப் போகத் தெரிந்தவருக்கு ஓடையைப் படிக்கவும் தெரியும் என்று நாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மேய்ச்சல் நிலத்தின் வழியே நடந்து, நடுவில் ஆற்றில் நீந்திக் களைப்பாறிவிட்டுத் திரும்பும் வழிகாட்டிப் பயணங்களில் இந்த இரண்டு ஆபத்துகளும் ஒரே நாளில், பல சமயம் ஒரே இடத்தில் வந்துவிடுகின்றன. மலையாற்றின் கரை பெரும்பாலும் செங்குத்து. எங்கே கரை சரிந்து தண்ணீருக்கு நல்ல இறக்கம் இருக்கிறதோ அங்கேதான் மாடும் தண்ணீர் குடிக்க இறங்கும், மனிதரும் குளிக்க இறங்குவார்கள். குளம்படித் தடமும் புதுச் சாணமும் உள்ள கரையில் துண்டை விரித்துப் படுத்தால், வெயில் ஏறும் நேரத்தில் மந்தை அங்கே வந்து நிற்கும். முன்னால் கன்றோடு பசு, பின்னால் ஆறு, போக வழியில்லை. நல்ல வழிகாட்டி மாட்டின் துறையை விட்டு மேல்நோக்கிப் போய்ச் சற்றுச் சிரமமான இறக்கத்தைத் தேர்ந்தெடுப்பார். தண்ணீரும் அங்கே சுத்தமாக இருக்கும். மாட்டுச் சிறுநீர் கலந்த நீர் வழியாக எலிக்காய்ச்சல் கிருமி உடம்புக் கீறலில் நுழைய முடியும் என்பதால், இது அருவருப்பு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமில்லை.

நேரமும் முக்கியம். பனியாறு உருகி வரும் ஓடைகள் காலையில் வற்றியும் பிற்பகலில் பெருகியும் ஓடும். வெயில் பட்டு உருகிய நீர் கீழே வந்து சேர நேரம் பிடிப்பதால் மாலை நெருங்கும்போது ஓட்டம் உச்சத்தில் இருக்கும். காலையில் முழங்கால் அளவில் கடந்த ஓடையைத் திரும்பும்போது கடக்க முடியாமல் போகலாம். கோடையில் இடிமழைக்கும் பிற்பகல்தான் நேரம். அதனால் நீச்சலை நண்பகலுக்கு முன் வைத்துக்கொள்கிற வழிகாட்டிக்கு ஆறு தெரிந்திருக்கிறது என்று நம்பலாம். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினால், சுள்ளியும் இலையும் மிதந்து வந்தால், சத்தம் கனத்தால், செருப்பைக்கூடத் தேடாமல் மேடேற வேண்டும்.

குளிர் இன்னொன்று. 15 டிகிரிக்குக் கீழான நீரில் சட்டென்று இறங்கினால் உடம்பு தன்னிச்சையாக ஒரு பெருமூச்சை உள்ளிழுக்கும். தலை நீருக்குள் இருந்தால் அந்த மூச்சில் தண்ணீர்தான் போகும். அடுத்த ஒன்றிரண்டு நிமிடம் மூச்சு இரைக்கும், மார்பு படபடக்கும். நல்ல நீச்சல்காரருக்கும் இது நடக்கும். குதிக்காமல், கழுத்து வரை மெதுவாக இறங்கி, மூச்சு அடங்கும் வரை பிடிமானத்தை விடாமல் நின்றால் இந்தக் கட்டம் கடந்துவிடும். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரத்தில் கைகால் விறைத்து வலுவிழக்கும் என்பதால் நெடுநேரம் நீந்தும் இடமில்லை அது. ஏறி வந்ததும் உடனே துடைத்து, உலர்ந்த உடை போட்டு, நடக்க ஆரம்பிக்க வேண்டும்.

மாட்டுக்கும் ஆற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. இரண்டைப் பற்றியும் அன்றைய நிலவரம் தெரிந்த ஒருவர் மேலே இருக்கிறார்: மாட்டுக்காரர். மந்தை இன்று எந்தப் பக்கம் நிற்கிறது, எந்தப் பசு புதிதாக ஈன்றிருக்கிறது, எது நாயைக் கண்டால் முறைக்கிறது, நேற்றிரவு மேலே மழை பெய்ததா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பின்னிஸில் விவசாயிக்குத் தெரிந்திருந்த ஆபத்து, நடந்து வந்த பெண்ணை ஒரு பலகையின் பொதுவான வாசகமாக மட்டுமே எட்டியது. சில பசுக்கள் நாயின் மேல் பாய்ந்திருக்கின்றன என்று யாராவது வாயால் சொல்லியிருந்தால் அவர் வேறு வழியில் போயிருக்கலாம். வழிகாட்டிக்கு நாம் கொடுக்கும் கூலியில் பெரிய பங்கு இதற்குத்தான் என்று நான் நினைக்கிறேன். காலையில் மாட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்து, அதைக் குழுவிடம் சொல்லி, தேவைப்பட்டால் பாதையை மாற்றுவது.

ஆகவே பயணத்துக்குப் பதிவு செய்யும்போது கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. வழியில் கன்றோடு மேயும் மந்தை இருக்கிறதா? நாயைக் கூட்டி வரலாமா? கன்று மந்தை உள்ள பாதைக்கும் யோசிக்காமல் 'தாராளமாக' என்று பதில் வந்தால் அவர் மந்தையைப் பற்றி யோசிக்கவில்லை என்று அர்த்தம். நீந்தும் இடம் எது, எத்தனை மணிக்கு, மேலே மழை வந்தால் என்ன மாற்று ஏற்பாடு? அவருடைய உரிமம் எதற்கெல்லாம் செல்லும், காப்பீடு உண்டா? கைபேசியில் ஆஸ்திரிய மலை மீட்பு எண் 140-ஐப் பதிந்துகொள்ளுங்கள், 112-ம் வேலை செய்யும். நாயோடு போவதாக இருந்தால் இடுப்பு வாரை வீட்டிலேயே வைத்துவிட்டு, கையில் பிடித்து நொடியில் விடக்கூடிய வாரை எடுத்துப் போங்கள்.